புகையுண்ட சித்திரத் திரைகள்

பண்டைத் தமிழ்ப் புலவர் மெல்லிய துகிலின் நுண்மையைப் புலப்படுத்த விழைந்தபோது, பாம்பின் உரியையும், மூங்கிலின் உட்டோலையும், புகையையும் உவமையாக எடுத்தாண்டனர். புகை கண்ணுக்குத் தோன்றியும் கைக்கு அகப்படாதது. இழை இன்னதென்று காணவொண்ணாத ஆடைக்கு அது மிகப் பொருந்திய உவமையே. ஆயின், உவமையாய் நின்று துகிலுக்கு அழகு செய்யும் புகை, துகிலின்மேலேயே வந்து படியுமாயின் அதற்குக் கூற்றமாய் முடிகின்றது. தீவிபத்து நேர்ந்த இடத்து, எரிந்து சாம்பலானதை மட்டுமே நாம் இழப்பென்று கணக்கிடுகின்றோம். நெருப்பு அணைந்த பின்னும் புகை தன் தொழிலை விடாது செய்துகொண்டிருக்கும் என்பதையும், அப்புகையினும் மிகுதியாகப் பதறிய கை கேடு செய்யும் என்பதையும் பலர் அறியார்.

இவ்வுண்மையை விளக்குதற்பொருட்டு, அமெரிக்க நாட்டு நியூயார்க்கு மாநகரத்துப் பேராலயம் ஒன்றில் தீக்கும் புகைக்கும் இரையான சித்திரத் திரைகளின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைப்பாம். அவை பிற நாட்டின; பிற சமயத்தின. ஆயினும் முன்னோர் விட்டுச்சென்ற பட்டையும் சரிகையையும் பெட்டியில் வைத்துப் போற்றும் குடும்பங்கள் நம்மிடையே பல உளவாதலின், இது நமக்கு அயலான பொருளன்று.

சித்திரத் திரை என்பது யாது?

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைக் காண்கின்றோம். அவை ஆடரங்கிற்கு உரியன. ஐரோப்பிய நாடுகளில் அரசரும் குருமாரும் தம் மாளிகைச் சுவர்களை அணிசெய்யத் தொங்கவிட்ட திரைகள் வேறொரு வகையின. துணியை முதலில் நெய்து பின்னர் அதன்மேல் வண்ணம் தீட்டியவையல்ல; ஊசியால் பூவேலை செய்தவையும் அல்ல. நெய்யும்போதே ஓவியமும் உடன் உருவாகின்றது.

ஓவியன் முதலில் திரையின் முழு அளவிலேயே மாதிரி ஒன்று தீட்டித் தருவான். நெசவாளர் அதனைப் பார்த்துப் பாவின்மேல் நிறநூல்களை ஊடையாகச் செலுத்துவர். நம் ஊர்த் தறியில் ஊடை ஒரு கரையிலிருந்து மறு கரை வரையில் ஓடுவதன்றோ? ஆண்டு அவ்வாறன்று. முகத்திற்குரிய நிறநூல் முகத்தின் எல்லையோடு திரும்பிவிடும். ஆடைக்குரிய நிறநூல் ஆடையின் எல்லையோடு திரும்பிவிடும். ஊடை நெருங்க அடிக்கப்படுதலின் பாவு வெளியே தோன்றாது. பெருந்திரை ஒன்றை முடிக்கப் பலர் கூடிப் பல திங்கள் உழைத்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. இத்திரைகளைப் பெரும்பாலும் பக்கவாட்டில் நெய்வர். நெய்து முடித்துச் சுவரில் தொங்கவிடுங்கால், வலிய பாவு கிடையாகவும், மெல்லிய ஊடை நெடுக்காகவும் அமையும். ஆதலின் திரையின் பாரம் முழுவதையும் ஊடை நூல்களே தாங்குகின்றன. அவற்றுட் பட்டுநூல் வெளிச்சத்தால் நாளடைவில் நைந்து போவது. இரும்புச் சத்துக் கலந்த சாயத்தில் தோய்த்த கருநூலும் கபில நூலும் ஏனையவற்றினும் முன்னதாக இற்று உதிர்வன. இங்ஙனம், தீயென்னும் பகை வருமுன்னரே தன்னுள்ளேயே நலிவைக் கொண்டது பழந்திரை.

உரோமாபுரித் தறிச்சாலை

எட்டாம் உர்பன் என்னும் போப்பாண்டவர் 1623 முதல் 1644 வரை உரோமாபுரியில் ஆட்சி செலுத்தினார். அவர்தம் உடன்பிறந்தான் மைந்தர் பிரான்செசுக்கோ பார்பரீனி என்னும் கர்தினால். இவர் 1625-இல் பிரான்சு நாட்டிற்குத் தூது சென்றபோது, அந்நாட்டு மன்னன் பதின்மூன்றாம் லூயி, ரூபென்சு என்னும் ஓவியர் வகுத்த கான்சுடன்டைன் சரிதத் திரைகளுள் ஏழினை இவருக்குப் பரிசிலாக அளித்தான். அத்திரைகளின் அழகில் ஈடுபட்ட கர்தினால், தம் நகரிலேயே அத்தகைய தொழில் நிகழவேண்டும் என விரும்பி, 1627-இல் தறிச்சாலை ஒன்று நிறுவினார். பிளாண்டர்சு நாட்டினின்று வந்த நெசவாசிரியன் ஒருவன் அதற்குத் தலைவனாயினான். உரோமாபுரியார் அவனை யாக்கோப்போ தெல்லா ரிவியேரா என்று தம் மொழியில் வழங்கினர்.

இத்தறிச்சாலையில் 1643-இல் தொடங்கி நெய்யப்பெற்றதே கிறித்துவின் வாழ்க்கையைச் சித்திரிக்கும் திரைத்தொகுதி. மாதிரி ஓவியங்களை வகுத்தவர் சோவன்னி பிரான்செசுக்கோ ரோமனெல்லி. தொடங்கிய மறு ஆண்டே போப்பாண்டவர் காலமானார். அடுத்து வந்தவர் பார்பரீனி குடும்பத்தாரின் பொருட்கணக்கை ஆராயத் தலைப்பட்டார். 1646-இல் கர்தினால் பிரான்சு நாட்டிற்கு ஓடி அடைக்கலம் புகுந்தார், 1648-இல் மீண்டார். தொகுதி நிறைவெய்திய ஆண்டு 1656. புரவலன் வீழ்ச்சியுற்றுத் திரும்ப எழுந்த அப்பதின்மூன்று ஆண்டுகளில் சாலையின் நெசவுப்பொறுப்பைத் தாங்கினோருள், முன் கூறிய நெசவாசிரியன் மகள் மரியா மதலேனா என்னும் பெண்மணியும் ஒருவர். அந்நாளைய உரோமாபுரியில் ஒரு பெண் இத்துணைப் பெருந்தொழிலுக்குப் பொறுப்பேற்று நின்றமை நம் மகளிர் கருதி மகிழத்தக்கது.

இச்செய்திகள் நமக்கு எங்ஙனம் கிடைத்தன? அக்குடும்பத்தார் எழுதி வைத்த கணக்கேடுகளினின்று கிடைத்தன. அவை இன்றும் வத்திக்கான் நூலகத்தில் உள்ளன. ஏடு இல்லையேல் நெய்தார் பெயரும் இல்லை என்பதை நாம் மறத்தலாகாது.

கடல் கடந்தமை

1679-இல் கர்தினால் இறந்தார், தறிச்சாலையும் ஓய்ந்தது. திரைகள் மட்டும் குடும்ப மாளிகையிலேயே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. செல்வம் சுருங்கிய காலத்து, 1889-இல், பார்பரீனி குடும்பத் திரைகள் 135-ஐ சார்லசு ஃபோக் என்னும் அமெரிக்கச் செல்வர் விலைக்கு வாங்கினார். அவற்றுட் கிறித்து சரிதத் தொகுதியை எலிசபெத்து கோல்சு என்னும் அம்மையார் பெற்று, 1891-இல் நியூயார்க்கு நகரில் எழவிருந்த தூய யோவான் பேராலயத்திற்கு நன்கொடையாக அளித்தார். ஆலயத்திற்குக் கடைக்கால் இட்டது 1892-இல். ஆகவே கோயில் எழுமுன்னரே அதன் திரைகள் வந்துவிட்டன. அவ்வாலயம் உலகத்துப் பேராலயங்களுள் ஒன்று; இன்றளவும் முற்றுப்பெறாதது.

திரைகள் மூப்பினால் நலிவதைக் கண்ட ஆலயத்தார், 1981-இல் ஆலய வளாகத்துள்ளேயே துகில் காக்கும் பணிச்சாலை ஒன்று நிறுவினர். தமக்கெனத் தோன்றிய அச்சாலை, தம்மைப் போன்ற பிற நிலையங்களின் திரைகளையும் பேணும் அளவிற்கு வளர்ந்தது. பின்னர் நேர்ந்த இடர்க்காலத்தில் அச்சாலை அருகிலேயே இருந்தமை பெரும்பேறாயிற்று.

தீயும் புகையும்

2001ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 18ஆம் நாள் விடியற்காலையில், ஆலயத்தின் வடபுறச் சிறையில் அமைந்திருந்த பரிசுப்பொருட் கடையில் தீப்பற்றியது. அந்நகரத்து இரட்டைக் கோபுர மாளிகைகள் தகர்ந்து மூன்று திங்களே கழிந்திருந்தன. துயரினின்று இன்னும் மீளாத ஊர் அது. தீயணைப்போர் விரைந்து வந்து நெருப்பை அடக்கினர், பேராலயம் பிழைத்தது. ஆயின் வடசிறையில் தொங்கிய இரு திரைகள், இறுதி இராவுணவும் உயிர்த்தெழுதலும், கடுஞ்சேதம் உற்றன. வெப்பம் ஒருபால், புகை ஒருபால், தீயணைத்த நீர் ஒருபால் என மும்முனையினும் தாக்கப்பட்டன என்க.

தீ வடசிறையோடு நின்றது, புகையோ நிற்கவில்லை. அது உயர்ந்த கூரையின்கீழ்ப் பரந்து ஆலயமெங்கும் நிறைந்தது. நெருப்பின் நிழலும் படாத ஆர்கன் என்னும் பேரிசைக் கருவியின் குழல்களுள்ளும் கரி புகுந்தமையால், அக்கருவி முழுவதையும் கழற்றிச் செப்பஞ் செய்ய நேர்ந்தது. ஆலயம் முழுதும் தூய்மை செய்யப்பெற்று மீண்டும் அர்ப்பணமானது 2008 நவம்பர் 30ஆம் நாள். திரைகளைப் பேணும் பணியோ அதனினும் நீண்டது. தீ நேர்ந்து பதினாறு ஆண்டுகளின் பின்னரே, 2017-இல், தொகுதி முழுமையும் காட்சிக்கு வைக்கப்பெற்றது.

ஒரு துணியை வெளுக்கப் பதினாறு ஆண்டுகளா என்று அன்பர்கள் வியக்கலாம். புகையின் இயல்பை அறிந்தால் அவ்வியப்பு நீங்கும்.

புகையின் இயல்பு

புகைக்கரி சாதாரணத் தூசி போன்றதன்று. அதன் துகள்களுட் பல ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு கூற்றினும் சிறியன. கம்பளி மயிரின்மேல் மீன்செதில் போன்ற நுண்செதில்கள் உள்ளன. கரித்துகள் அவற்றின் இடுக்கில் சென்று தங்கும். எரிந்த பொருளினின்று எழுந்த எண்ணெய்ப்பசையும் கீலும் அத்துகள்களைச் சூழ்ந்திருத்தலின், அவை இழையோடு ஒட்டிக்கொள்ளும். நாட்கள் செல்லச் செல்ல அவ்வொட்டு இறுகும்.

இவற்றோடு புளிப்புத் தன்மையும் சேர்ந்துள்ளது. சிலவகை நெகிழிப் பண்டங்கள் எரியுங்கால் கொடிய அமில ஆவி எழுகின்றது. காற்றின் ஈரத்தோடு கூடி அது இழையை அரிக்கும், சாயத்தை மாற்றும், வெள்ளிச் சரிகையைக் கறுக்கச் செய்யும். எனவே தீ ஒரு நாளில் முடிந்த செயல். புகை நாள்தோறும் தொடரும் செயல். அதனைக் களையாது விடுதல் தகாது. ஆயின் களையும் முறை தவறினால் களையாமையே நன்று என்னும்படி ஆகிவிடும். இவ்விரண்டிற்கும் இடையே நடப்பதே செப்பஞ்செய்வாரின் அருமை.

செப்பஞ்செய்யும் முறை

இத்துறை வல்லார் புகையுண்ட துகிலைக் கண்டவுடன் அதனைக் கழுவப் புகார். முதற்கண் அதனைப் பரந்த பலகைமேற் கிடத்தி, எங்கெங்கு எரிந்தது, எங்கெங்கு நைந்தது, எங்கெங்குக் கறை ஏறியது என்பவற்றைப் படமெடுத்தும் வரைந்தும் குறித்துக்கொள்வர். நோயாளியின் நாடி பாராது மருந்து கொடுக்கும் மருத்துவன் உண்டோ?

அடுத்து, காற்றை உறிஞ்சும் கருவியால் தளர்ந்த கரியை நீக்குவர். துகிலின்மேல் நுண்ணிய வலையை விரித்து, கருவியின் வாயைத் துகிலில் தொடாதபடி சற்று மேலே பிடித்து, குறைந்த விசையில் இழுப்பர். துடைப்பத்தையோ தூரிகையையோ கொண்டு ஒருபோதும் தேய்க்கமாட்டார். தேய்த்தால் மேலே நின்ற கரி உள்ளே புகுந்துவிடும். எஞ்சிய கரியைப் பதப்படுத்திய ரப்பர்ப் பஞ்சினால் ஒற்றி ஒற்றி எடுப்பர். ஒற்றுதல் வேறு, துடைத்தல் வேறு என்பது இத்தொழிலின் அரிச்சுவடி.

அதன்பின்னரே நீரைப் பற்றிய எண்ணம். திரையில் நூறு நிறம் இருப்பின் நூற்றையும் தனித்தனியே சோதிப்பர். ஒவ்வொரு நிறநூலிலும் ஓரிடத்தில் நீர்த்துளி இட்டு, வெள்ளைத்தாளை ஒற்றி, சாயம் கசிகின்றதா என்று நோக்குவர். ஒரு நிறம் கசிந்தாலும் நீர்க்குளியல் விலக்கப்படும், அல்லது அவ்விடம் தனியே காக்கப்படும். சோதனையில் தேறிய திரையையே உப்பு நீக்கிய தூயநீரில், மென்மையான சவுக்காரப் பொருள் கலந்து, கிடந்த நிலையிலேயே கழுவுவர். நீர் தெளிந்து வரும்வரை அலசி, வெள்ளைத் துவாலைகளால் ஈரத்தை ஒற்றி, காற்றோட்டத்தில் விரைந்து உலர்த்துவர். நனைந்த கம்பளியின் எடை மிகப் பெரிதாகலின், பலர் சேர்ந்து தாங்குபலகையோடு தூக்கினாலன்றிப் பழந்திரை தன் பாரத்தாலேயே கிழிந்துபோம்.

புகைநாற்றத்தைப் போக்க வணிகர் சிலர் ஓசோன் என்னும் வாயுவைப் பயன்படுத்துகின்றனர். நாற்றம் போவது மெய்யே. ஆனால் அவ்வாயு சாயத்தையும் இழையையும் தாக்குதலின், பழந்துகில் காப்போர் அதனை விலக்குகின்றனர்.

இறுதியாக, நைந்த பகுதிகளுக்குப் பின்புறம் உறுதியான நார்த்துணி வைத்து, மெல்லிய நூலால் தையலிட்டுத் தாங்கச் செய்வர். பின்னர் வேண்டுமாயின் பிரிக்கத்தக்கதாக அத்தையல் அமைதல் வேண்டும் என்பது அவர்தம் நெறி. தாம் செய்தது தவறென்று வருங்காலத்தார் கண்டால், அதனை நீக்கும் உரிமையை அவர்க்கு விட்டுவைத்தலே உண்மை அறிவுடைமை.

எரிந்து மறைந்ததை என் செய்வது? புதுநூலால் அச்சாகப் பழையதுபோல் நெய்து நிரப்பலாமே எனின், கைவல்லார் செய்யக்கூடியதே. ஆயின் நிரப்பிய பின்னர் எது மரியா மதலேனா காலத்து நெசவு, எது நம் காலத்து நெசவு என்று பிரித்தறிய ஒண்ணாது போம். 2017-இல் நிகழ்ந்த காட்சியில் இறுதி இராவுணவுத் திரை எஞ்சிய துண்டுகளாகவே வைக்கப்பெற்றது. இழந்ததை இழந்ததாகவே காட்டி, எஞ்சியதை எஞ்சியதாகவே போற்றினர். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர் செல்லரித்த இடத்தில் தம் சொல்லை இட்டு நிரப்பாமல், இத்துணைச் சீர் சிதைந்தது என்று புள்ளியிட்டுக் காட்டுவது போன்றதே இது. தமிழ்ப் பதிப்பாசிரியர்தம் நேர்மையை அறிந்த நமக்கு இதன் பெருமை எளிதில் விளங்கும்.

இங்கிலாந்து நாட்டு நிகழ்ச்சி ஒன்று

நீரும் சவுக்காரமும் பற்றிப் பேசுங்கால், நம் நாட்டுப் பூந்திக்கொட்டையை நினையாதிருத்தல் இயலாது. அதனோடு தொடர்புடைய செய்தி ஒன்று இங்கிலாந்தில் உண்டு. அந்நாட்டுச் சசெக்சுப் பகுதியில் அப்பார்க்கு என்னும் பழைய மாளிகை உள்ளது. எச். ஜி. வெல்சு என்னும் நூலாசிரியரின் தாயார் ஒருகாலத்தில் அவ்வீட்டில் மனைப்பொறுப்பாளராக இருந்தார். அம்மாளிகையின் தலைவியாராய் விளங்கிய மீட்-பெதர்சுடன்ஆ அம்மையார், 1930ஆம் ஆண்டுகளில், அங்கிருந்த பதினெட்டாம் நூற்றாண்டுத் திரைகளைத் தம் கையாலேயே செப்பஞ் செய்யலானார். அவர் கழுவப் பயன்படுத்தியது சபோனாரியா என்னும் செடியைக் காய்ச்சிய நீர். பூந்திக்கொட்டையில் நுரை எழுப்புவது எப்பொருளோ, அவ்வினத்துப் பொருளே அச்செடியிலும் உள்ளது. உலகின் இரு கோடியில் வாழ்ந்த மகளிர் ஒரே வகை மருந்தைக் கண்டறிந்தமை வியப்பன்றோ!

1989 ஆகத்து 30ஆம் நாள், அம்மாளிகையின் கூரையில் ஈயத்தகடு பற்றவைத்தோரின் தீக்கருவியால் நெருப்பு மூண்டது. கூரைப்பணி நிறைவெய்துந் தறுவாயில் நேர்ந்த கேடு அது. குடும்பத்தாரும் பணியாளரும் தீயணைப்போரும் வரிசையாய் நின்று கைக்குக்கை மாற்றி, கீழ்த்தளத்துப் பொருள்களுட் பெரும்பாலானவற்றை வெளியே கொணர்ந்தனர். சாம்பற்குவியலையும் அவர்கள் குப்பையென்று வாரி எறியவில்லை. இன்ன இடத்தில் எடுத்தது இது என்று பகுத்து வைத்துச் சலித்துத் தேடினர். மாளிகை பழைய நிலைக்குக் கொணரப்பெற்று 1995-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

நுரைதரும் அவ்வகைப் பொருள்கள் நன்றாக அலசாவிடில் இழையில் தங்கி நாளடைவில் மஞ்சளிக்கும் என்பதால், இக்காலத்தார் அவற்றைப் பெரும்பாலும் தவிர்க்கின்றனர். ஆயினும் அவ்வம்மையாரின் பொறுமையை யாரும் குறைத்துப் பேசுவதில்லை.

நம் இல்லங்களுக்கு ஏற்றவை

இனி நம் நிலைமைக்கு வருவாம். பாட்டியார் உடுத்த கூறைப்புடவையும், பாட்டனார் தரித்த சரிகை அங்கவத்திரமும் நம் வீடுகளிற் பல உள. அடுப்புத்தீயோ, மின்கம்பித் தீயோ நேர்ந்து, அவற்றிற் புகை படியுமாயின் செய்யத்தக்கனவும் தகாதனவும் இவை.

தண்ணீரில் அமிழ்த்தல் கூடாது. கரியும் சாயமும் ஒருங்கே பரவும். கையால் தட்டுதலும் உதறுதலும் துடைத்தலும் கூடாது. இசுதிரிப் பெட்டியை அணுகவிடலாகாது; அச்சூடு கீலை இழையோடு நிலையாக ஒட்டவைக்கும். வெயிலிற் காய வைத்தலும் சாயத்திற்குப் பகை. கறுத்த சரிகையைப் புளியிட்டுத் தேய்ப்பாரும் உளர். பாத்திரத்திற்குப் பொருந்துவது பட்டிற்குப் பொருந்தாது.

தூய கையோடு, ஆடையின் கீழே பலகையோ வெள்ளைத்துணியோ இட்டுத் தாங்கி எடுத்து, நிழலிற் காற்றோட்டமுள்ள இடத்திற் பரப்பி வைக்க வேண்டும். தீயணைத்த நீரால் நனைந்திருப்பின் ஓரிரு நாளுக்குள் உலர்ந்தாக வேண்டும். தாழ்ப்பின் பூஞ்சணம் பிடிக்கும். சாயம் கசியும் ஆடையை ஏனையவற்றோடு சேர்த்தல் ஆகாது. உலர்ந்த பின் மடிக்காமல், வெள்ளைப் பருத்தித்துணி சுற்றிய உருளையின்மேல் தளரச் சுற்றி, அருங்காட்சியகங்களில் துகில் காக்கும் பணியறிந்தாரை நாடுதல் நலம். சலவைக் கடைக்கு அனுப்புதல் இறுதி வழியும் அன்று.

இவற்றினும் முன்னர்ச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அவ்வாடை யார் உடுத்தது, எம்மணத்திற்கு எடுத்தது, எவ்வூர்த் தறியில் நெய்தது என்பனவற்றை இன்றே ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஆடையோடும், அதன் படி ஒன்றைப் பிறிதோரிடத்தும் வைத்தல் வேண்டும். பார்பரீனித் திரைகள் அயலார் கைப்பட்டும், கடல் கடந்தும், தீப்பட்டும் தம் வரலாற்றை இழவாமைக்குக் காரணம் ஓர் ஏடே என்பதை மேலே கண்டோம். நூல் நைந்தாலும் எழுத்து நிற்குமாயின், துண்டும் பேசும். எழுத்து இல்லையேல் முழுப்புடவையும் ஊமையாம்.

முடிவுரை

பழந்துகிலைப் புதுத்துகிலாக்கல் எவராலும் இயலாது. அங்ஙனம் ஆக்குவதாகக் கூறுவாரை நம்புதலும் தகாது. பழமையைப் பழமையாகவே, ஆனால் நோய் நீங்கியதாய், அடுத்த தலைமுறையின் கையில் ஒப்புவித்தலே நம்மாற் கூடியது. அதற்கு வேண்டுவன கூரிய கண்ணும், மெல்லிய கையும், எல்லாவற்றினும் மேலாகக் காத்திருக்கும் நெஞ்சமுமே. பதின்மூன்று ஆண்டில் நெய்து முடித்த தொகுதியைப் பேண மற்றொரு நாட்டார் பதினாறு ஆண்டு பொறுத்தனர். நெய்தவர் உழைப்பிற்குக் காத்தவர் உழைப்புக் குறைந்ததன்று.

நம் பெட்டிகளில் உறங்கும் ஆடைகளுக்கு இத்துணைப் பெரும்பணி வேண்டுவதில்லை. அன்பர்கள் இவ்வாரம் ஒரு நாளில் பெட்டியைத் திறந்து, ஆடையைக் கண்டு, அதன் வரலாற்றை வீட்டு மூத்தோரிடம் கேட்டு எழுதுவாராக. கேட்டற்குரிய மூத்தோர் இருக்கும்போதே அதனைச் செய்தல் நன்று.